அங்கவடி இல்லாத குதிரை: மன்றோ சிலையின் வரலாறு

வீரனுக்குக் கல் நட்டு வழிபடுவது தமிழர்தம் தொல்மரபு. தக்க கல்லைக் காண்பது, கொணர்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வெட்சித் திணையில் வைத்து உரைக்கிறது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டக் காதைகள் பலவற்றின் பெயர்களே இப்படிநிலைகளிலிருந்து பிறந்தவை. இம்மரபில் ஊறிய நாட்டின் தலைநகரில், முற்றிலும் வேறொரு மரபைச் சேர்ந்த குதிரைவீரன் சிலையொன்று 1839ஆம் ஆண்டு முதல் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருக்கிறது. திருத்தணியில் தொடர்வண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்கித் தீவுத்திடல் வழியே அண்ணா சாலைக்குச் செல்வோர் அதனைக் காணாமல் செல்ல இயலாது. மன்றோ சிலை என்பது இன்று அவ்விடத்திற்கே பெயராகிவிட்டது. குதிரைமேல் இருப்பவர் யார், எதற்காக இருக்கிறார் என்று கேட்பின் விடை கூறுவோர் சிலரே. ஆயினும் அக்குதிரைக்கு அங்கவடி இல்லை என்பதை மட்டும் பலரும் அறிவர்.

தாமஸ் மன்றோ 1761இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து 1780ஆம் ஆண்டு சனவரியில் சென்னைக் கரையில் இறங்கியபோது அவருக்கு அகவை பதினெட்டு. குதிரைமேல் ஏற்றி நிறுத்தப்பட்டவர் தம் வாழ்வை நடந்து செல்லும் படையில் தொடங்கினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் இந்நாட்டில் கண்ட முதற்போர் திருத்தணிக்கு அயலிலேயே நிகழ்ந்தது.

திருத்தணியைச் சூழ்ந்த நிலம் போர்க்களங்கள் நிறைந்தது. காஞ்சிக்கு வடக்கே உள்ள புள்ளலூரில் மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்றதைக் காசாக்குடிச் செப்பேடு கூறும். தக்கோலத்தில் கி.பி. 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் அமர்ந்த நிலையிலேயே மாண்டான். ஆனைமேல் துஞ்சியவன் என அவனுக்கு வழங்கும் பெயரே ஒரு நினைவுச்சின்னம் எனலாம். அதே புள்ளலூரில், ஆங்கிலேயர் பொள்ளிலூர் என எழுதிய இடத்தில், 1780 செப்டம்பர் 10ஆம் நாள் ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தனர். வடக்கிலிருந்து வந்த பெய்லி, காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த ஹெக்டர் மன்றோவின் பெரும்படையுடன் சேர வேண்டியவர். குறுக்கே கொசத்தலையாறு வெள்ளம் பெருகி ஓடியது; ஆற்றைக் கடக்க அவர் பல நாள் காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைவெளியே ஐதருக்குப் போதுமானதாயிற்று. தணிகை மலையைச் சுற்றிப் பெய்யும் மழை கொசத்தலையில் கலப்பதை அறிந்தோர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது. இன்று மணல் மட்டுமே தெரியும் அவ்வாறு அன்று ஒரு பேரரசின் கணக்கையே சில நாள் நிறுத்தி வைத்தது.

இளைஞர் தாமஸ் மன்றோ அப்போது காஞ்சிபுரத்துப் படையில் இருந்தார். சில கல் தொலைவில் தம் நாட்டுப் படை அழிய, உதவிக்குச் செல்லாது தயங்கிப் பின்வாங்கிய சேனையில் அவரும் ஒருவர். பெரும்பீரங்கிகளைக் கோயிற் குளத்தில் தள்ளிவிட்டு அப்படை செங்கற்பட்டு வழியே சென்னைக்குத் திரும்பியது. இத்தோல்வியை அவர் தம் தந்தைக்கு எழுதிய மடலில் விரிவாகக் குறித்துள்ளார். மறு ஆண்டு அயர் கூட்டின் தலைமையில் பரங்கிப்பேட்டையிலும், மீண்டும் புள்ளலூரிலும், செப்டம்பர் 27இல் சோளிங்கரிலும் அவர் போரிட்டார். தணிகைக்கும் சோளிங்கருக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் ஓராண்டுக்கு மேல் படைகள் வந்தும் போயும் இருந்தன. அக்காலத்து வயல்கள் என்னவாயின என்பது தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு.

போருக்குப் பின் அவர் வாழ்வு வேறு திசையில் திரும்பியது. 1792இல் கம்பெனிக்குக் கிடைத்த பாராமகால் பகுதியில், அலெக்சாண்டர் ரீடின் கீழ் ஏழாண்டுகள் நில வரி வேலை பார்த்தார். பாராமகால் என்பது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி. தமிழகத்தில் நடுகற்கள் மிகுந்த நிலம். குதிரைமேல் அமர்ந்து வாளோங்கும் வீரர்களைக் காட்டும் கற்களும் ஆங்கு உண்டு. சிற்றூர் சிற்றூராகச் சுற்றி நிலம் அளந்த மன்றோவின் குதிரை அக்கற்களைக் கடந்தே சென்றிருக்கும். தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிய மனமில்லாமல் அவர் எழுதிய மடல் பின்னாளில் அச்சேறியது. இலக்கிய அன்பர்களுக்குச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. ஒரு பவுண்டு தசை கேட்கும் கடன்காரன் கதையை ஒத்த கதையொன்றைப் பாரசீகச் சுவடியில் கண்ட மன்றோ அதனை மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு மலோன் என்பார் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் பதிப்பில் இடம்பெற்றது.

பின்னர்க் கன்னடக் கடற்கரை. அதன்பின் 1800 முதல் 1807 வரை பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை, கர்நூல் ஆகியவை அடங்கிய, நிஜாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்கள். உழவனோடு அரசு நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை அவர் பெயரோடு இணைந்து நிலைபெற்றது அங்கேதான். 1820இல் சென்னை மாகாண ஆளுநரானார். 1827 சூலை 6ஆம் நாள், பதவியை விட்டுத் தாயகம் திரும்புமுன் தம் பழைய மாவட்டங்களைக் காணச் சென்றவர் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் ஒரே நாளில் இறந்தார். உடல் குத்தியில் அடக்கம் செய்யப்பட்டு, 1831இல் சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியன்னை ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. போர்க்களத்தில் விழாத ஒருவருக்குப் படைவீரக் கோலத்தில் போர்க்குதிரைமேல் சிலை அமைந்தது இவ்வாறுதான். நடுகல் மரபில் இது பொருந்தாது; நோயில் இறந்தவனுக்கு வீரக்கல் இல்லை. முதுமையிலோ நோயிலோ இறந்த அரசகுலத்தானையும் வாளாற் போழ்ந்து அடக்கம் செய்த குடிகள் சங்க காலத்தில் இருந்ததை எண்ணினால் வேறுபாடு விளங்கும்.

அவர் இறந்ததும் சென்னையில் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிச் சிலை வைக்க முடிவாயிற்று. பணி அக்காலத்து இங்கிலாந்தின் தலைசிறந்த சிற்பி சர் பிரான்சிஸ் சாண்ட்ரியிடம் ஒப்படைக்கப்பட்டது. இலண்டனில் வெண்கலத்தில் வார்க்கப்பெற்ற சிலை 1838இல் பகுதிகளாகக் கப்பலேறி வந்து, 1839 அக்டோபர் 23ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. சென்னையில் அன்று துறைமுகம் இல்லை என்பதை இங்கு மறத்தல் ஆகாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, எப்பொருளும் பொங்கும் அலைகளினூடே கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் கரை சேர்ந்த காலம் அது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகப் பொருள்களை அடுக்கும்போது கடல்வழி வந்த குதிரைகளை முதலில் வைக்கும். பதினெட்டு நூற்றாண்டு கழித்து அதே கடலில் வெண்கலக் குதிரையொன்று வந்தது. நீர்ப்படைச் சடங்கு இல்லாமலே அதற்கு நீராட்டு நிகழ்ந்தது என்று புலவர்கள் சொல்லிக்கொள்ளலாம். சிலை வைத்தோர் பெயர் ஏட்டில் உண்டு. சென்னைக் கடலின் அலையை வென்று சரக்கேற்றிய படகோட்டிகளின் பெயர் எங்கும் இல்லை.

இனி அங்கவடிக்கு வருவோம். சிற்பி அங்கவடி வைக்க மறந்துவிட்டார், சிலை திறந்தபின் ஒருவர் அதைச் சுட்டிக்காட்ட, நாணித் தற்கொலை செய்துகொண்டார் என்பது சென்னையில் வழிவழியாக வழங்கும் கதை. சிறுவரை அழைத்துச் செல்லும் பெரியோர் சிலைக்கு அருகில் இதனைக் கூறத் தவறுவதில்லை. கதை முற்றிலும் பொய். சாண்ட்ரி 1841இல் இயற்கையாகவே இறந்தார். அவர் செய்த குதிரைச் சிலைகள் வேறு இரண்டு இலண்டனில் உள்ளன. டிரபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரும், ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னே வெலிங்டன் கோமகனும் அமர்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் அங்கவடி இல்லை. மூன்று முறை ஒரே பொருளை ஒருவர் மறக்க முடியாது. ரோமாபுரியில் மார்க்கஸ் அரேலியஸ் பேரரசரின் பழஞ்சிலை அங்கவடி இன்றியே அமைந்தது. உரோமர் அங்கவடியை அறியாதவர். அச்செவ்வியல் எளிமையைச் சாண்ட்ரி விரும்பினார். குதிரை பாயவும் இல்லை, முன்காலை உயர்த்தவும் இல்லை. நான்கு காலும் ஊன்றி அமைதியாக நிற்கிறது. முன்கால் இரண்டும் தூக்கியிருந்தால் வீரன் களத்தில் இறந்தவன், ஒன்றைத் தூக்கியிருந்தால் புண்பட்டு இறந்தவன் என்று வழங்கும் கணக்கும் சிற்பிகள் கைக்கொண்ட விதி அன்று. பின்னாளையோர் கட்டிய கற்பனை.

பொய் எனத் தள்ளிவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்பது சிலர் கருத்து. அது போதாது. சென்னைவாசிகள் ஏன் வேறெதையும் விட்டு அங்கவடியைப் பார்த்தார்கள்? திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளைக் கண்டவர்கள், வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்தில் நின்றவர்கள், ஊர் எல்லையில் ஐயனாரின் மண்குதிரைக்கு மணியும் சேணமும் வண்ணம் தீட்டக் கண்டவர்கள் இம்மக்கள். சேணமும் கடிவாளமும் கழுத்துமாலையும் கொண்டு புனையப்பட்ட குதிரையே அவர்கள் அறிந்த குதிரை. இந்தியச் சிற்பிகள் குதிரையேறுவோரின் கால் பற்றிக் கவலைப்பட்டது மிகத் தொன்மையானது. பெருவிரலை மாட்டும் கயிற்று வளையம் சாஞ்சிச் சிற்பங்களிலேயே காணப்படுகிறது. அத்தகைய கண்களுக்குப் புனைவற்ற குதிரை குறையுடையதாகவே தோன்றும். பிழை கண்டுபிடித்தவன் ஒரு சாதாரண வழிப்போக்கன் என்று கதை அமைந்திருப்பதும் கருதத்தக்கது. ஆளும் இனத்தின் தலைசிறந்த சிற்பியை நம்மவன் ஒருவன் ஒரே பார்வையில் தோற்கடித்தான் என்னும் நிறைவு அக்கதையில் ஒளிந்திருக்கிறது. பீடத்தில் பொறித்ததை விடுத்து மக்கள் தாமே ஒரு கதையை எழுதிக்கொண்டார்கள்.

இச்சிலைக்குச் சற்றுத் தள்ளி, அதே சாலையில் வேறொரு படைவீரன் சிலை இருந்தது. 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் ஈவிரக்கமின்றித் தூக்கிலிட்டுக் கொன்ற ஜேம்ஸ் நீல் என்பானுக்கு நிறுத்தப்பட்டது அது. இவன் குதிரையேறியவனாகக் காட்டப்படவில்லை, நின்ற கோலம். ஆனால் இலக்னோ களத்தில் இறந்தவனாதலின் இதுவே முறையான போர் நினைவுச்சின்னம். 1927இல் அதனை அகற்றக் கோரித் திருநெல்வேலி சோமயாஜுலு முதலியோர் அறப்போர் தொடங்கினர். தொண்டர்கள் அணியணியாகச் சிறை சென்றனர். காந்தியடிகள் ஆதரவு தெரிவித்தார். கடலூர் அஞ்சலை அம்மாள் முதலிய பெண்டிரும் பங்கேற்றனர். பத்தாண்டு கழித்து 1937இல் இராசாசி அமைச்சரவை சிலையை அகற்றி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அப்போதும் மன்றோ நின்றார். 1947க்குப் பின்னும் நின்றார். பம்பாயில் ஏழாம் எட்வர்டின் குதிரைச் சிலை 1965இல் விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்றுவிட்டது. காலா கோடா, அதாவது கருங்குதிரை, என்னும் இடப்பெயர் மட்டும் தங்கியது. 2017இல் அங்கே ஆளில்லாத குதிரையொன்றை நிறுத்தினார்கள். மன்னனை விட்டுக் குதிரையை மட்டும் மீட்டுக்கொண்ட அவ்வூராரின் நயம் பாராட்டத்தக்கது.

மன்றோ நிலைத்தமைக்குக் காரணம் அவர்பால் மக்கள் கொண்டிருந்த மதிப்பே என்பர். அதில் உண்மை உண்டு. இராயலசீமையில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை மன்றோலப்பா என இட்டனர். திருப்பதித் திருக்கோயிலில் அவர் பெயரால் வழங்கும் கங்காளமும், மந்திராலயத்தில் இராகவேந்திரர் அவருக்குக் காட்சியளித்ததாக வழங்கும் கதையும் தணிகை வழியே வடக்கே செல்லும் அடியார் பலரும் அறிந்தவை. பத்திகொண்டாவில் அவர் நினைவாகக் கிணறும் தோப்பும் அமைந்தன. 1822இல் அவர் ஆணையிட்டு எடுத்த கணக்கினால்தான் அக்காலச் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமை தெரியவந்தது. நம் திண்ணைப் பள்ளிகளின் பரப்பை இன்று பேசுவோர் அனைவரும் அவ்வறிக்கைக்குக் கடன்பட்டவர்கள். ஆயினும் அவரைத் தெய்வமாக்கிவிடுவது வரலாறு ஆகாது. அவர் விதித்த வரி தாங்க முடியாத அளவு உயர்ந்தது என்பதை அவரே உணர்ந்து, 1807இல் நாலில் ஒரு பங்கு குறைக்குமாறு எழுதினார்; கம்பெனி செவிமடுக்கவில்லை. ஆளுநராகத் திரும்பி வந்த பின்னரே குறைக்க முடிந்தது. அவருக்குப்பின் ரயத்துவாரி ஊர்களில் வரி வசூலிக்க உழவரை வெயிலில் நிறுத்தியும் கட்டி வைத்தும் வதைத்த கொடுமைகளை 1855ஆம் ஆண்டின் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை பக்கம் பக்கமாகப் பதிவு செய்துள்ளது. குதிரைமேல் இருப்பவரைக் காண்போர் அவ்வறிக்கையையும் உடன் வைத்துக் காண்பதே நேர்மை.

திருத்தணிக்கு இதில் தனிக்கதை உண்டு. கார்வேட்டிநகர ஜமீனுக்கு உட்பட்டிருந்தமையால் மன்றோவின் முறை இவ்வூரை எட்டவில்லை. அளவைக் கல்லும் நேர்ப் பட்டாவும் அயலூர்களில் வந்த காலத்தில் இவ்வூர் உழவர் ஜமீனுக்கே கட்டி வந்தனர். விடுதலைக்குப் பின் 1948இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரிலேயே ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றுவது என்னும் நோக்கம் அமைந்தது. நூற்றிருபது ஆண்டுக்கு முன் இறந்தவரின் சொல், அவரது ஆட்சி போன பின்னரே இங்கு வந்து சேர்ந்தது. ஊரும் அந்நாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953இல் ஆந்திரத்துடன் சென்று, ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்பிரல் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணைந்தது. அப்போராட்டத்தில் குதிரை ஏறியவர் எவரும் இல்லை.

நினைவை நிறுத்துவதற்கு வெண்கலம்தான் வேண்டும் என்பதில்லை என்பதற்குத் திருத்தணியிலேயே சான்று இருக்கிறது. இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவன் நம்பி அப்பி என்பான். அவனைப் போற்றி ஒரு வெண்பா கல்வெட்டில் உள்ளது. அதனை அபராசித பல்லவனே பாடியதாக அக்கல்வெட்டுக் குறிக்கிறது. திருப்புறம்பியத்தில் போரிட்டு வென்ற அரசன் தன் வெற்றியைப் பாடாமல் கோயில் கட்டியவனைப் பாடியிருக்கிறான். பேரவைகளில் வெண்பாப் பாடுவோர் தம் முன்னோடியாக இவ்வரசனை எண்ணிக்கொள்ளலாம்.

குதிரை மறம் என்னும் துறையில் எருமை வெளியனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு. போருக்குச் சென்ற ஊரார் குதிரைகள் எல்லாம் திரும்பிவிட்டன. தன் மகனின் தந்தை ஏறிச்சென்ற குதிரை மட்டும் வரவில்லை என்று வாயிலில் நிற்கும் மனைவி கூறுவதாக அது அமைந்தது. வீரனின் சிலையை அப்பாட்டு காட்டவில்லை, காத்திருப்பவளைக் காட்டுகிறது. 1780ஆம் ஆண்டுப் போரின் நினைவுகளை இதனோடு வைத்துப் பார்க்கலாம். வென்ற திப்பு சீரங்கப்பட்டணத்துத் தரியா தவுலத் மாளிகைச் சுவரில் அப்போரை ஓவியமாகத் தீட்டுவித்தார். அதில் பெய்லி பல்லக்கில் சுருண்டிருக்க, மைசூர்க் குதிரைப்படை நாற்புறமும் சூழ்கிறது. புள்ளலூர் வயல்களுக்கு நடுவே ஆங்கில அதிகாரிகள் இருவருக்குக் கூர்த்தூண்கள் நிற்கின்றன. உயிர் தப்பிய பயிற்சி வீரர் ஒருவர் ஆளுநராகித் தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்துவிட்டார். பெய்லியுடன் சென்ற படையில் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். அவர்களுக்கும் வாயிலில் காத்திருந்தோர் இருந்திருப்பர். அச்சிப்பாய்களின் பெயர் புள்ளலூர்த் தூண்களிலும் இல்லை. தீவுத்திடற் பீடத்திலும் இல்லை.